தடவிக்கொடுத்த வரிசை

1

இந்தக் கதையை நானாக விரும்பி எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா வேலை பார்க்கும் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பணி ஓய்வு விழா. விழாவுக்கு ஒரு மலர். மலரில் ஒரு கதை இருந்தால் நன்றாயிருக்கும் என்று இயக்குநருக்குத் தோன்றிவிட்டது. "உங்க தங்கச்சி கதை எழுதுவாங்களாமே" என்று அக்காவிடமே கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் வந்து, "எழுதித் தொலை. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்" என்றாள்.

எழுதுகிறவளுக்கு இதைவிடக் கெட்ட நிபந்தனை கிடையாது. கதாபாத்திரமே சிவப்புப் பேனாவும் கையுமாகச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும்.

ஆரம்பம், முதல் முயற்சி:

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் செடிகள் என்றால் உயிர். டம்ளரில் ஒரு விதையை ஊன்றி, அது முளைக்கும்வரை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து...

"பொய்," என்றாள் அக்கா. "டாக்டருக்குப் படிக்கத்தான் எனக்கு ஆசை. மார்க் பத்தல. கிடைச்சது தாவரவியல். எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? உனக்கெங்க தெரியும், நீ அப்போ விரல் சூப்பிட்டிருந்தே."

(அந்த வாக்கியத்தை அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன். பொய்யாக இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.)

2

சரி, அவள் வேலையைச் சொல்கிறேன். செடிக்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது. இருந்தாலும் எப்போது நீள வேண்டும், எந்தப் பக்கம் வளைய வேண்டும், எப்போது பழுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. உடம்புக்குள் கொஞ்சமே கொஞ்சமாக ஊறும் சில பொருள்கள்தான் சேதி கொண்டுபோகின்றன. வளர்ச்சி ஊக்கிகள் என்று பெயர். ஜன்னலோரச் செடி வெளிச்சத்தைத் தேடிப் போகிறது என்று நான் என் கதைகளில் உருகி உருகி எழுதியிருக்கிறேன். உண்மையில் நிழல் விழும் பக்கத்தில் ஊக்கி அதிகம் சேர்கிறது, அந்தப் பக்கம் வேகமாக வளர்கிறது, அதனால் செடி மறுபக்கம் வளைகிறது. வளர்வது இருட்டுப் பக்கம்தான் என்று தெரிந்த அன்று பழைய கதைகளையெல்லாம் எடுத்துத் திருத்தலாமா என்று யோசித்தேன். (திருத்தவில்லை. யார் படிக்கப் போகிறார்கள்?)

அக்காவின் கவலை நாற்றுகள். பசுமைக் கூடாரத்துக்குள் வளரும் தக்காளி நாற்று நெட்டையாக, நோஞ்சானாக வளரும். வெளியே கொண்டுபோய் நட்டால் முதல் காற்றுக்கே படுத்துவிடும். குட்டையாக, தண்டு தடித்து வளரவைக்க என்ன வழி? காற்று சுழன்றடிக்கும் ஒரு மேட்டில், கணுக்கால் உயரத்தைத் தாண்டாத ஒரு களையைப் பார்த்தாள். இதுவரை யாரும் அறியாத ஓர் ஊக்கி அதன் வேரில் இருக்கிறது, அதுதான் அதைக் குட்டையாக்குகிறது என்பது அவள் ஊகம். வேரை அரைத்துச் சாறெடுத்தாள். நாற்றுத் தட்டில் ஒரு வரிசைக்குச் சாறு, இன்னொரு வரிசைக்கு வெறும் தண்ணீர், இரண்டையும் தூரிகையால் பூசினாள். சாறு பூசிய வரிசை குட்டையாக, கெட்டியாக வளர்ந்தது.

அவளுடைய பாதி ஆயுள் அந்தச் சாறு. அதிலிருந்து அந்தப் பொருளைத் தனியே பிரிப்பதுதான் அவளுடைய கடைசி மாணவியின் முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஓய்வு விழா மேடையில் இயக்குநர் அந்தக் கண்டுபிடிப்பை அறிவிப்பதாக ஏற்பாடு.

3

கதைக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் வேண்டும். நான் பேனாவைக் கடித்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

(சத்தியமாக நான் கேட்கவில்லை.)

அவளுக்கு மாவுக்கட்டு. மாணவி தனியாகப் பூசினாள். சாறு வரிசையும் தண்ணீர் வரிசையும் ஒரே உயரமாக நெடுநெடுவென்று வளர்ந்து நின்றன. அந்தப் பெண் எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"என்ன தப்பு பண்ணேன்னே தெரியல மேடம். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் பூசினேன்."

"சாறு பழசாயிருக்கும்மா. புதுசா எடுத்துப் பாரு. முதல்ல மூக்கைத் தொடை."

புதுச் சாறும் பலிக்கவில்லை. மாவுக்கட்டைப் பிரித்ததும் அக்கா மறுபடி போய்த் தானே பூசினாள். சாறு வரிசை சொன்ன பேச்சுக் கேட்டு மறுபடி குட்டையாக வளர்ந்தது. நிலையமே மகிழ்ந்துபோனது. "மேடத்துக்குக் கைராசிங்க" என்றார் இயக்குநர். அன்று முழுக்க அக்கா முகத்தில் சிரிப்பு. சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. தட்டில் போட்டதைத் தொடவில்லை.

"கைராசின்னு எந்தக் கட்டுரையிலடி எழுதறது?" என்றாள். "நான் பண்ணா வருது, அவ பண்ணா வரலன்னா அது கண்டுபிடிப்பே இல்ல. வித்தை."

பயந்திருந்தாள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

4

அவளைத் தேற்றலாம் என்று, நான் எழுதிவைத்திருந்த பகுதியை நீட்டினேன். அவளுடைய வளர்ப்பறைக்கு நான் போயிருந்தபோது பார்த்ததை வைத்து எழுதியது. என் கணக்கில் கதையிலேயே நல்ல இடம் இதுதான்:

பூசி முடித்ததும் நாற்றுகளின் பக்கத்தில் உட்காருவாள். ஒரு கையில் போன். பேசிக்கொண்டே மறுகையால் சாறு வரிசையின் தலைகளைத் தடவிக்கொடுப்பாள். போகவும் வரவும், போகவும் வரவும். தூங்க மறுக்கும் குழந்தையை...

"சீ," என்றாள் அக்கா. சிவப்புப் பேனா இறங்கியது. "செடியைத் தடவிக்குடுக்கறதெல்லாம் சினிமாவுல. விஞ்ஞானியை இப்படியா காட்டுவே? வெட்கமாயிருக்கு. எடு இதை."

"கற்பனை இல்லக்கா. பார்த்ததைத்தான் எழுதினேன்."

"நான் ஏன் தடவப் போறேன்?"

"அதை என்னைக் கேட்டா? நான் உட்கார்ந்திருந்த நேரம் பூரா தடவிட்டிருந்தே. நானும் காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் பார்த்தேன்."

"ரெண்டு வரிசையையுமா?"

"இல்ல. சாறு வரிசையை மட்டும்."

பேனா காகிதத்தின் மேலேயே நின்றுவிட்டது. சிவப்பு மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது. பேனாவை மூடிவைத்து, தன் வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அக்கா.

(கதாசிரியர் குறிப்பு: திரும்பத் திரும்பத் தொட்டால் செடி குட்டையாகும், தண்டு தடிக்கும். காற்று அடிக்கிறது, கெட்டியாக நிற்க வேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஊக்கிகளைப் பற்றிப் படிக்கும் எந்த மாணவருக்கும் இது தெரியும். அக்காவே பாடம் நடத்தியிருக்கிறாள். பாடம் நடத்திக்கொண்டே தடவியுமிருக்கிறாள்.)

5

சோதித்துப் பார்த்தார்கள். தண்ணீர் வரிசையை மாணவி வெறுங்கையால் தடவினாள், அது குட்டையானது. சாறு பூசிய வரிசையை யாரும் தொடவில்லை, அது நெட்டையானது. சாற்றில் ஒன்றுமில்லை. மேட்டுக் களை குட்டையாக நின்றதற்குக் காரணம் அதன் வேரில் இல்லை. அந்த மேட்டில்தான் ஓயாமல் காற்றடிக்கிறதே, அதுதான்.

ஏன் சாறு வரிசையை மட்டும்? நாற்காலி அந்தப் பக்கம் கிடந்தது என்கிறாள் அக்கா. நான் நம்பவில்லை. எது எந்த வரிசை என்று அவளுக்குத் தெரியும். எதன் மேல் ஆசை வைத்திருந்தாளோ அதன் மேல் கை போயிருக்கிறது. சின்ன வயதில் என்னையும் அப்படித்தான் தலையைத் தடவித் தூங்கவைப்பாள். அவளைவிட நான் ஒரு சாண் குட்டை. எனக்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது என்று சொன்னேன். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். என் வாழ்க்கையிலும் காற்றடித்த காலங்கள் உண்டு. நான் சாய்ந்துவிடவில்லை. இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

6

முடிவுகள்.

(அ) விழா திட்டமிட்டபடி நடக்கிறது. இயக்குநர் அறிவிக்கிறார். கைதட்டல். அக்கா மாலையை வாங்கிக்கொண்டு...

இதை நான்தான் சொன்னேன். "யாருக்குத் தெரியப்போகுது? விழா முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்." அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "எவராவது என் சாறை நம்பி வயல்ல நட்டு, அது அத்தனையும் சாஞ்சு கிடந்தா, நீ போய் நிமிர்த்துவியா?" என்றாள். முடிவு (அ) ரத்து.

(ஆ) அவள் எல்லாவற்றையும் துறந்து, வளர்ப்பறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, மழையில்...

"மழையெல்லாம் வேணாம். எனக்கு சளி பிடிக்கும்." ரத்து.

(இ) இதை நான் எழுதவில்லை, மாணவி கொண்டுவந்தாள். அக்காவுக்குத் தன்னைவிட அவளைப் பற்றித்தான் கவலை. "சாறு போச்சுன்னா அவ பட்டமும் போச்சு. என்னை நம்பி வந்த பொண்ணு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணோ இந்தமுறை அழாமல் வந்து நின்றாள்.

"மேடம், நான் தடவின வரிசைக்குப் பக்கத்து வரிசை இருக்கில்ல? அதை யாரும் தொடவே இல்ல. ஆனா அதுவும் கொஞ்சம் குட்டையா இருக்கு. தூரத்துல இருக்கிற வரிசை அப்படி இல்ல."

"அளந்ததுல பிழை இருக்கும்."

"மூணு தட்டுலயும் அப்படித்தான் மேடம்."

அக்கா எழுந்துவிட்டாள். "தொட்ட செடி காத்துல ஏதாவது விடுதோ?" என்றாள். "பழத்தைப் பழுக்கவைக்கிற எத்திலீன் காத்தாத்தான் இருக்கு. அதுவா இருக்கலாம். வேற ஏதாவதா இருக்கலாம். இல்ல, உன் முழங்கை இடிச்சிருக்கலாம்."

"இடிக்கல."

"எனக்குத் தெரியல," என்றாள் அக்கா. அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள் தெரியுமா! சாற்றைப் பற்றிப் பேசும்போதுகூட அந்தக் குரல் வந்ததில்லை.

"அந்தப் பக்கத்து வரிசையை நான் எடுத்துக்கட்டுமா மேடம்? முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். நாளாகும், பரவாயில்ல."

"எடுத்துக்கோ. ஆனா எது எந்த வரிசைன்னு எனக்குச் சொல்லாதே. என் கையை நம்பாதே."

7

மேடையில் அக்கா எல்லாவற்றையும் தானே சொல்லப்போகிறாள். இயக்குநரிடம் முன்பே சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, பிறகு தேநீரோடு வந்து உட்கார்ந்தார். அப்புறம் இந்தக் கதை எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன்.

"முன்னாடியே படிச்சிருந்தாத்தான் நல்ல கேள்வியா கேப்பாங்க. சும்மா கைதட்டிட்டுப் போனா எனக்கென்ன பிரயோஜனம்?"

ஆகவே, அரங்கத்தில் இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உங்களிடம் முடிவைத் தந்துவிடுகிறேன். அவள் பேசி முடித்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதுதான் முடிவு. என் பங்குக்கு ஒரு வேண்டுகோள்: கையைத் தட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் கையைத் தூக்குங்கள். எதையாவது கேளுங்கள்.

உள்ளே வரும்போது வாசல் மேசையில் நாற்றுத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மாணவி புதிதாக விதைத்தவை. ஒரு வரிசையை அவள் தினமும் தடவுகிறாள். பக்கத்து வரிசையை ஒருவரும் தொட்டதில்லை. மூன்றாவது, மேசையின் அந்தக் கோடியில். (அக்காவுக்குக் காட்டிய பிரதியில் இந்த வரிகள் மட்டும் இல்லை.) இது அச்சுக்குப் போகும்போது எல்லாம் இரண்டிலைக் கன்றுகள், ஒரே உயரம். நானும் அங்கே போவதில்லை. கதையைக் கொண்டுபோய் அவற்றின் மேல் வைத்து அழுத்திவிடுவேன் என்று எனக்கே பயம்.

வெளியே போகும்போது கொஞ்சம் நின்று நடு வரிசையையும் கோடி வரிசையையும் அளந்து பாருங்கள். அளவுகோல் பக்கத்திலேயே இருக்கும். இலையில் கை படாமல் அளந்து, அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாள், அது அவள் தலைமேல்தான் இருக்கும்.