இரண்டு இஞ்ச் விட்டுத் தைத்த பங்கு

1

இந்தக் கதை என் இடுப்பில் பிறந்தது. பழைய பேண்ட் எல்லாம் ஒரே மாதத்தில் என்னைக் கைவிட்டதால் புதுத் துணியோடு டெய்லர் கடைக்குப் போனேன். அவர் என்னைச் சுற்றி டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மரியாதை கெடாமல் கேட்டார்: "உள்ள ரெண்டு இஞ்ச் விட்டுத் தைக்கட்டுமா சார்? வளந்தா பிரிச்சு விட்டுக்கலாம்."

வளர்கிற வயதெல்லாம் தாண்டியாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்த செல்போனுக்குப் போய்விட்டது. அதில் ஏதோ ஒரு பங்கு விலையின் பச்சைக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மூலையில் அவர் மனைவி துணியைக் கண்ணருகே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

என் இடுப்பு, அந்தக் கோடு, அந்த அம்மா. இவை நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பேராசை என்பது மனித குலத்தின்—"

(அடித்துவிட்டேன். பேண்ட் பொத்தானைப் போட முடியாதவன் பேராசையைப் பற்றிப் பேசக் கூடாது.)

அடுத்து, நாயகனைப் பலூன் விற்பவராக்கினேன். பங்கு விலையும் ஊதிப் பெருக்கிறது, பலூனும் ஊதிப் பெருக்கிறது. வாசகர் என்ன பச்சைக் குழந்தையா? வெட்கப்பட்டுக்கொண்டு டெய்லரிடமே திரும்பினேன்.

3

டெய்லர் பள்ளிச் சீருடை தைக்கிறவர். எந்தச் சட்டையிலும் மடிப்புக்குள் துணி விட்டுத்தான் தைப்பார். அடுத்த வருடம் பிரித்து விட்டால் போதும். அவர் அளவெடுத்த பிள்ளைகளில் வளராமல் நின்றது ஒன்றுகூட இல்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று. மச்சினன் வந்து, "மாமா, கம்ப்யூட்டருக்கே யோசிக்கச் சொல்லித்தர்ற கம்பெனி. இப்ப லாபம் இல்லதான். ஆனா வளரும்" என்றதும், அவர் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. ஆறடி ஆளுக்கான துணியின் விலையைக் கொடுத்து, இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத கம்பெனியின் பங்கை வாங்கினார்.

எந்தப் பணம் என்று சொல்லியாக வேண்டும். கடையில் காஜா எடுப்பது மனைவிதான். ஒவ்வொரு பொத்தான் ஓட்டையின் விளிம்பையும் கையாலேயே ஊசி போட்டுச் சுற்றுவார். கண்ணில் நீர் வடியத் தொடங்கி நாளாயிற்று. காஜா மிஷின் வாங்கச் சேர்த்த பணம் அது.

(இங்கே அவரை அழவைக்கலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே வடிகிற கண்ணை நான் வேறு கசக்க வேண்டாம்.)

4

பங்கு ஏறியது. இரண்டு மிஷின் வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஒன்றையாவது வாங்குங்கள் என்றார் மனைவி. மூன்று வரட்டும் என்றார் டெய்லர். பிறகு கோடு சிவப்பானது. ஒன்றரை மிஷின். ஒன்றேகால். இறங்கும்போதுதான் இன்னும் வாங்க வேண்டும் என்று மச்சினன் போனில் பாடம் எடுத்தான். டெய்லர் அதைச் சொன்னபோது மனைவி தைப்பதிலிருந்து தலை நிமிராமலே, என் தம்பிதானே, சொந்தக் கல்யாணக் கோட்டுக்கே அளவு தப்பாகக் கொடுத்தவன் ஆயிற்றே என்றார்.

இன்று மத்தியானம், கையில் இருப்பது சரியாக ஒரு மிஷின்.

"வளர்ற பிள்ளை அப்பப்ப இளைக்கும்மா," என்றார் டெய்லர்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "துணி விட்டுத் தைக்கிறோம், சரி. ஆனா பையனை முன்னால நிக்க வெச்சு, அப்பா எவ்வளவு உயரம், அம்மா எவ்வளவு உயரம்னு பாத்துட்டுத்தானே விடுறீங்க? இந்தப் பையனை நீங்க பாத்ததே இல்லையேங்க."

டெய்லர் செல்போனைக் கையில் எடுத்தார். விற்பதற்கான இடத்தில் கட்டைவிரலை வைக்கப்போய்—

5

விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே பங்கு எகிறுகிறது. மச்சினன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுகிறான். பரவாயில்லை, மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது.

விற்கவில்லை என்றால்? எழுதிப் பார்த்தேன். மனைவியின் கண் வரைக்கும் வந்ததும் பேனா நகரவில்லை.

விற்காமலே இருந்து பெரிய பணக்காரர் ஆகிறார் என்றும் எழுதலாம். உலகத்தில் நடக்காததல்ல. ஆனால் அதை எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு நேராகப் போய் வாங்கிவிடுவீர்கள். அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

6

பேண்ட் தயார் என்று செய்தி வந்து கிடக்கிறது. எனக்குத்தான் போகத் துணிச்சல் இல்லை.

அந்தப் பக்கம் போனால் நீங்களே வாங்கி வந்துவிடுங்கள். இடுப்புப் பொத்தானின் காஜாவைத் தடவிப் பாருங்கள். மிஷின் போட்டதா, கை போட்டதா என்று விரலுக்கே தெரியும். தெரிந்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பேண்ட் போதும்.