டி டிரைவில் இருந்தவை

வலது கை போன பிறகு உதயாவுக்கு மிச்சமிருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். படவேடு சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவனுக்கு உயிர் தப்பியது. கை மட்டும் தோளிலிருந்து சட்டைக்குள் தொங்குகிற சுமையாகிப் போனது. நரம்பு அறுந்துவிட்டது என்றார் டாக்டர்.

அதற்கு முன் சேவூரில் பாதித் தறிகளில் ஓடியது அவன் போட்ட டிசைன்தான். பட்டுப்புடவையின் பார்டரையும் புட்டாவையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பான். அதை வைத்து அட்டையில் துளை குத்தித் தறியில் மாட்டுவார்கள். இப்போது தங்கை துர்கா அவன் இடத்தில் உட்கார்ந்து, பழைய டிசைன்களையே வெட்டி, ஒட்டி, அன்னத்தைத் திருப்பி, கொடியை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு பூப் போட அவளுக்கு வராது. பழசு இருக்கிறவரை சோறு உண்டு என்பது இருவருக்கும் தெரியும். துர்காவுக்கு இன்னொன்றும் தெரியும். யாராவது வந்து, "இது உன் கை வேலைதானே?" என்று கேட்கும்போது மட்டும்தான் அண்ணன் நிமிர்ந்து உட்காருவான்.

ஆடி மாதம் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அஜித்குமார் வந்து பார்த்தான்.

"எஸ்எஸ்டின்னு புது டிஸ்க்கு கீது, போட்டுக்கோங்கக்கா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"பழசெல்லாம் போயிடாதே?"

"பழய டிஸ்க்கு டி டிரைவா உள்ளயே இருக்கட்டும். வேணும்ன்றத புதுசுல காப்பி பண்ணிகினு சொல்லுங்க. வந்து கழட்டிகினு போறேன். அந்த டிஸ்க்க எனக்குக் குடுத்துட்டா கூலிகூட வேணாம்."

அன்றைக்கே புதியதை மாட்டிவிட்டுப் போனான். பழைய டெஸ்க்டாப்பில் 'உதயா டிசைன்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. தேடி அலையாமலிருக்க, எந்த டிசைன் யாருக்குப் போட்டது என்று பெயர் வைத்து அண்ணனே ஒரு காலத்தில் அடுக்கி வைத்தது. துர்கா அதை அப்படியே புதிய டிரைவுக்கு இழுத்தாள். மவுஸிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அண்ணா! அவன் சொன்னது நெசந்தான். எட்டு வருஷத்து வேல, ஒரு கொட்டாவி வுடறதுக்குள்ள ஏறிடுச்சி!"

உதயா பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். திரையைப் பார்த்தால் செத்த கை துடிக்கிறது என்று அவன் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

"ஒண்ணொண்ணா தொறந்து பாரு. நான் பேரு சொல்றேன். சடையப்பன் ருத்ராட்சம்."

"தொறக்குது."

"ஜெயவேல் மயிலு. கழுத்த திருப்பிகினு இருக்கும் பாரு."

"திருப்பிகினுதான் இருக்குது. உன்னாட்டமே மொறைக்குது."

அண்ணன் சிரித்தான். அவன் சொன்னதெல்லாம் திறந்தது. இரண்டு நாள் கழித்து அஜித்குமார் பழைய டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனான்.

ஆடியில் யாரும் டிசைன் கேட்டு வரவில்லை. ஆவணி பிறந்ததும் தறிக்கார ஜெயவேல் வந்தார்.

"தம்பி, அந்த மயிலு இருக்குதுல்ல, அதே வேணுமாம் கடக்காரருக்கு. என் அட்டைய எலி கடிச்சிப் போட்டுடுச்சி. போட்டு வையி, நாளைக்கி வரேன்."

"அதுக்கென்ன, இருக்குதுண்ணா," என்றான் உதயா. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவர் போனதும் துர்கா மயிலைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. ருத்ராட்சம் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் அப்படி ஒன்று இல்லை என்றே திரை சொன்னது. "எதுவும் தொறக்கலண்ணா" என்ற அவள் குரலைக் கேட்டு உதயா எழுந்து வந்தான். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் திரையைப் பார்த்தான். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது.

"இது டிசைன் இல்ல துர்கா. ஷார்ட்கட்டு. டிசைன் எங்க கீதுன்னு காட்டற பலகைதான். டிசைன் பூரா அந்தப் பழய டிஸ்க்குல இருந்தது."

"தொறந்துச்சேண்ணா..."

"டிஸ்க்கு உள்ள இருந்துச்சி, தொறந்துச்சி. நான்தான் இப்டி அடுக்கனது. எனக்கே நெனப்பில்ல."

துர்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாள். அஜித்குமார் அவளை ஒரு ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போனான். கல்லாவுக்குப் பின்னால், கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டிக்குள் இருந்தது டிஸ்க்.

"ஃபார்மட் பண்ணி பழச அழிக்காம இந்தப் பொட்டி டிஸ்க்க எடுத்துக்காதுக்கா. ரொம்பிடுச்சின்னா மறுபடி மொதல்லேர்ந்து மேல மேல எழுதிகினே போவும். இது ரெண்டு சுத்து வந்துடுச்சி."

"மெட்ராஸ்ல குடுத்தா எடுத்துத் தர மாட்டாங்களா?"

"அழிச்சதுன்னா எடுக்கலாம். மேல எழுதனத எவனாலயும் எடுக்க முடியாதுக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க எல்லாம் பாத்துட்டேன்னு சொன்னீங்களேக்கா."

வீட்டில் உதயா கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு டிசைன் கிடைத்ததா என்று அவன் கேட்கவில்லை.

"இப்ப இன்னா கீது அதுல?"

"கட வாசல்."

"ம்."

"செருப்பு வுடற எடம். ஒரு மாடு வந்து நின்னுகினு இருந்துச்சி."

"நல்லா தெரியுதா?"

"தெரியுதுண்ணா."

அவன் போய்ப் பாயில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். துர்கா சோறு போட்டு வைத்தாள். அது அப்படியே இருந்தது.

மறுநாள் ஜெயவேல் பழைய புடவையையே கையோடு கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். அரக்கு நிறத்தில் மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"போட்டுட்டியா தம்பி?"

உதயா எழுந்து வந்து பார்த்தான். இடது கை மயில் வரைக்கும் போய் நின்றது.

"இது நான் போட்டது இல்லீங்களே."

"இன்னாபா வெளாட்றியா? இங்கயே உக்காந்து டீ குடிச்சிகினே வாங்கிகினு போனேன்."

"வேற யார்கிட்டனா வாங்கியிருப்பீங்க. பெரணமல்லூர்ல ஒருத்தர் கீறாரு. அவர்கிட்ட காட்டுங்க. பொடவையப் பாத்தே போட்டுடுவாரு."

"அண்ணா, ஏண்ணா..." என்றாள் துர்கா. அவன் அவளைப் பார்த்தான். திட்டுகிற பார்வையாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஜெயவேல் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீ இன்னாதான் போட்ட, தம்பி?" அவர் கேலியாகக் கேட்கவில்லை.

"நான் ஒண்ணும் போடலீங்க. போட்டேன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு உதயா உள்ளே போய்விட்டான்.

அவர் புடவையை எடுத்தார். தனியாளாக மடிக்க முடியாத நீளம். துர்கா போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மடித்தார்கள். மயில் உள்மடிப்பில் போயிற்று.