பூசணிக்கு ஒரு கம்பம்

மணிமேகலைக்குக் கெடு ஒரு வாரம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பூனை வாசல் நிலையைப் பிராண்டுவதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பூனை போக வேண்டும், அல்லது பூனையோடு சேர்ந்து அவளும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொன்னது வீட்டுக்காரி ஜானகியம்மாள். அவரைக் கொடுமைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. மணிமேகலையின் புருஷன் மாதவராஜ் செத்த அன்று பந்தலுக்கும் பாலுக்கும் அலைந்தவர் அவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கும் நிலையில் நாற்பது நகக் கீறல் விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா மேகலை? இருந்தாலும் லட்சுமி நிக்கிற எடம் இது. ஒகேனக்கல் மீன் கடைப் பக்கம் வுட்டுட்டு வா. பூனை பொழச்சுக்கும்,” என்றார்.

பூனை பிழைத்துக்கொள்ளும். மணிமேகலை பிழைப்பாளா என்பதை அவர் யோசிக்கவில்லை. புருஷன் போய் மூன்று மாதம். பிள்ளை குட்டி இல்லை. தையல் மெஷினை விட்டு நிமிர்ந்தால் அந்த வீட்டில் அவள் முகத்தைப் பார்க்க இருப்பது பூசணி என்கிற அந்த மஞ்சள் பூனை ஒன்றுதான். அதையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் அவள் யாரிடம் பேசுவாள்?

அதனால் பூனை பிராண்டுவதற்கு ஒரு கம்பம் தேடினாள். முதலில் சாக்கை மடித்துச் சுவரோரம் சாத்தினாள். பூசணி அதை இழுத்துப் போட்டு அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. அடுத்து, ஜாக்கெட் தைக்க வரும் யுவராணி செல்போனில் ஆர்டர் போட்டுக் கடைக் கம்பம் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தாள். முழங்கால் உயரக் கம்பம், உச்சியில் ஆடும் பஞ்சு உருண்டை. பூசணி எழுந்து நின்று ஓர் இழுப்பு இழுத்தது. கம்பம் அதன் தலைமேலேயே சாய்ந்தது. அன்றோடு அந்த மூலைக்கே ஒரு கும்பிடு. மூன்றாவதாக வந்த முருங்கைக் கட்டையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு பிகு பண்ண அது ஒன்றும் அரண்மனையில் பிறந்ததில்லை, மழைக்கு ஒதுங்கிய தெருப் பூனையின் குட்டிதான். விடிந்தால் நிலையில் புதுக் கீறல் விழுந்துகொண்டே இருந்தது.

புதன்கிழமை பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“நகத்த வெட்டி வுட்டுருங்க டாக்டரம்மா.”

“வெட்டினாலும் பிராண்டும்ங்க. அது சேட்டை இல்ல, அதுக்கு அது வேணும்,” என்றார் டாக்டர் ஜாஸ்மின். “முழு உடம்பையும் நீட்டி இழுக்கற உயரம் இருக்கணும். கம்பம் ஆடக்கூடாது. தூங்கி எந்திரிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும். எத்தன வருசமா வளக்கறீங்க?”

“ஆறு வருசமாச்சுங்க.”

“இத்தன வருசமும் எதுல பிராண்டிட்டு இருந்துச்சு?”

மணிமேகலை பூசணியைக் கூடையில் போட்டு மூடினாள். ஆறு வருஷத்தில் அந்த நிலையில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அதையே யோசித்தாள். பூசணி தூங்கியது மாதவராஜின் கட்டிலுக்கு அடியில். அவர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு எழுந்துவிடுவார். அவள் அடுப்படியில் டீ போடும்போது கட்டில் பக்கமிருந்து ‘பர்ர் பர்ர்’ என்று சத்தம் வரும். கூடவே “சனியனே, போ அந்தப் பக்கம்!” என்று அவர் குரலும் வரும். அவருக்குப் பூனையைப் பிடிக்காது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவருக்கு எதைத்தான் பிடித்தது? இருபத்து நாலு வருஷத்தில் குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

அந்தக் கட்டில் இப்போது வீட்டில் இல்லை. செத்தவர் படுத்த கட்டிலைக் கருமாதி முடிந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுவது வழக்கம். தெருக்கோடியில் தரையில் படுத்து இடுப்பு வலியோடு கிடந்த குள்ளம்மாளுக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது கிடையாது. கட்டில் வீடு திரும்பினால் செத்தவரும் கூடவே வந்து இன்னொருவரை அழைத்துப் போவார் என்பார்கள். பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று போனாள்.

கொசுவலை கட்ட நாலு மூலையிலும் உயரக் கம்பம் வைத்த பழைய மரக்கட்டில் அது. தலைமாட்டுக் கம்பம் ஒன்றில் இடுப்பு உயரத்துக்கு நார்க் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அவளுக்குத் தெரிந்த கயிறுதான். “கம்பம் வெரிசல் வுட்டுருச்சு, சுத்தி வெச்சிருக்கேன், கை வெக்காத” என்று மாதவராஜ் சொல்லியிருந்தார். ஆனால் முன்பு சுவரைப் பார்த்திருந்த பக்கத்தை இன்றுதான் பார்த்தாள். அங்கே கயிறு பஞ்சு பஞ்சாகப் பிய்ந்திருந்தது. விரலை விட்டு நெகிழ்த்தினாள். அதற்கு அடியில் இன்னொரு சுற்று, அதுவும் பிய்ந்திருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. கடைசியில் மரம் வழவழவென்று முழுசாக இருந்தது. மயிரிழை விரிசல்கூட இல்லை.

செத்த அன்று வராத அழுகை அவளுக்கு அங்கே வந்தது. குள்ளம்மாள் ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“குள்ளம்மா, இந்தக் கட்டில நான் எடுத்துக்கறேன். என் கட்டில நீ வெச்சுக்க.”

“ஐயோ அக்கா, குடுத்தத வூட்டுக்குள்ள ஏத்தக்கூடாதுங்க. வேணும்னா கவுத்த மட்டும் அவுத்துட்டுப் போங்க.”

“வெறுங் கவுத்த வெச்சு என்ன பண்றது? அவரு சுத்துன மாதிரி எனக்குச் சுத்தத் தெரியாது.”

“பின்னாலயே அவரு வந்துட்டாருன்னா? பயமா இல்லீங்களா?”

“வரட்டும். கேக்க வேண்டியது நெறைய இருக்குது.”

பட்டப்பகலில், தெரு பார்க்க, இடுப்பு வலி விட்டிருந்த குள்ளம்மாளும் அவளுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஜானகியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“என்ன காரியம் பண்ற மேகலை? இது ஆகாது!”

“இனி நெலையப் பிராண்டாதுங்கம்மா, அதுக்கு நான் பொறுப்பு. ஆகாதது எதுவா இருந்தாலும் என்னையே புடிக்கட்டும்.”

ஜானகியம்மாள் பிய்ந்த கயிற்றைப் பார்த்தார், மணிமேகலையின் வீங்கிய கண்களைப் பார்த்தார். “உள்ள போறதுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் அறுத்துப் போடு,” என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

அன்றிரவு அவள் அதிலேயே படுத்தாள். விடியும் நேரம் பூசணி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. கயிற்றை மெதுவாக மோந்தது. பின்னங்காலில் எழுந்து உடம்பு முழுவதையும் நீட்டி இழுக்கத் தொடங்கியது. பர்ர், பர்ர். கட்டில் அசையவில்லை.

பூனை நிலையை மறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பயம் தீர்ந்தது. ஆனாலும் மணிமேகலைக்கு மனசு ஆறவில்லை. எழுந்து உட்கார்ந்து, எதிரில் அவர் நிற்பதுபோலக் கேட்டாள்.

“ஏங்க, ஆறு வருசம் பூனைக்குக் கவுறு சுத்தத் தெரிஞ்சுது. அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாயா வலிச்சுது? சொல்லியிருந்தா, நானும் உங்ககிட்ட இன்னும் நாலு நல்ல வார்த்த பேசியிருப்பேனே.”