குளியலறைக் கதவுக்கு ஆரஞ்சு பெயின்ட்

கதவு மூடியது. கையை எடுத்ததும் ஒரு விரற்கடை திரும்பி வந்தது.

பல் டாக்டர் மறுபடி அழுத்தினாள். நல்ல பிள்ளையாய் மூடியது. கையை எடுத்தாள், வந்துவிட்டது. அந்த ஒரு விரற்கடையில் தாழ்ப்பாள், கதவு நிலையிலிருந்த ஓட்டையைத் தவறவிட்டு வெறுங்காற்றைக் குத்தியது. மரம் ஈரத்தில் ஊதியிருந்தால் இடித்துக்கொண்டு நிற்கும். கீல் தொங்கியிருந்தால் தரையில் உரசும். இது இரண்டும் செய்யாமல் வில் மாதிரி எகிறியது.

"ஆன்ட்டி, குளிக்கணும்னா குளிங்க, நான் நிக்கிறேன்," என்றது வெளியே ஒரு குரல்.

எட்டிப் பார்த்தாள். அந்த அனாதை இல்லத்துப் பெண் பிள்ளைகளில் பெரியவள், கதவுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். அதுதான் அங்கே தாழ்ப்பாள். ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி காவல்.

"யாராவது வந்துடுவாங்களா என்ன?"

"போன தடவை ஒரு அங்கிள் கேமராவைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டாரு. நான் கத்தினேன். கத்துறதைப் படம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு." அவள் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு நாள், யாரையும் கூப்பிடாம, நானா தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கணும் ஆன்ட்டி."

பல் டாக்டர் விமானம் ஏறி இந்த நாட்டுக்கு வந்தது சேவை செய்யத்தான். வரவைத்தது அவள் கணவனின் அக்கா. குழுவில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். அவருக்கும் அதில் சம்மதம்தான். எல்லோருக்கும் ஆரஞ்சு டீ-ஷர்ட். முதுகில் 'அன்பு சுமப்போம்' என்று அச்சிட்டிருந்தது. சூட்கேஸ்களை இல்லத்துப் பிள்ளைகள் சுமந்தார்கள். வாசலில் வரவேற்புப் பாட்டு, பிறகு கட்டிப்பிடித்தல். பல் டாக்டரின் காலைக் கட்டிக்கொண்ட பொடிசு, சற்று நேரத்தில் அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "ஆன்ட்டி, ஃபோட்டோ எடுத்தாச்சா? விட்டுடவா?"

பிள்ளைகளின் பற்களைப் பார்க்கலாம் என்று சின்னக் கண்ணாடியும் சுரண்டியும் கொண்டுவந்திருந்தாள். உள்ளூர் அனுமதி இல்லாமல் வாயைத் திறக்கச் சொல்லக் கூடாதாம். சட்டம் சரிதான். பெயின்ட் பிரஷ் பிடிக்க மட்டும் அனுமதி எதுவும் வேண்டாம். ஆகவே பிரஷ் கொடுத்தார்கள். மதியம் அடிக்கவேண்டியது இதே குளியலறைக் கதவு.

அவள் வார்டனிடம் போனாள். பிழைக்க வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட நம் ஆள் அவர். பிள்ளைகள் தமிழ் பேசுவது அவர் புண்ணியத்தில்.

"இந்தக் கதவுக்கு இதுக்கு முன்னாடி யாரும் பெயின்ட் அடிச்சிருக்காங்களா?"

"யாரு அடிக்கலேன்னு கேளுங்க டாக்டர்." வார்டன் வாளியைக் கீழே வைத்தார். "வர்றவங்க கை சும்மா இருக்காது. சுவருன்னா ஏணி வேணும், ஒரு நாள்ல முடியாது. கதவுன்னா கைக்கு எட்டும், காலையில ஆரம்பிச்சா சாப்பாட்டுக்குள்ள முடியும், பக்கத்துல நின்னு படமும் எடுத்துக்கலாம். ஸ்டோர் ரூம் கதவு மூடினது மூடினதுதான், திறக்கவே மாட்டேங்குது. அரிசி மூட்டையை ஜன்னல் வழியாத்தான் எடுக்கிறோம்."

"வேணாம்னு சொல்லலாமே?"

"சொன்னா முகம் வாடிப்போகுதே. அன்பா வந்தவங்க!"

பல் டாக்டருக்குப் பொறி தட்டியது. பல்லில் அடைக்கிற சிமென்ட் ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டால் போதும், மற்றப் பற்கள் ஒன்றையொன்று தொடாது. எந்த இடம் உயரம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் மைத்தாளைக் கடிக்கச் சொல்வது. இடிக்கிற இடத்தில் மை ஒட்டும்.

"அண்ணி, உங்க லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் குடுங்க."

"நீயா லிப்ஸ்டிக் கேட்கிறே! ஃபோட்டோவுக்கா?" கேப்டன் மகிழ்ந்துபோய்க் கொடுத்தார்.

அவள் அதை நிலையின் உள்விளிம்பு முழுக்கப் பூசி, கதவை அழுத்தி மூடித் திறந்தாள். தாழ்ப்பாள் பக்கம் சுத்தமாக இருந்தது. கீல் பக்க விளிம்பில் மட்டும் மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோடு. கீல் ஓரம் முதலில் நிலையில் முட்டுகிறது. அதற்குமேல் தள்ளினால் கீல்தான் வளைகிறது. விட்டதும் நிமிர்ந்துகொண்டு கதவை எகிற வைக்கிறது. சுரண்டியால் அந்த இடத்தைக் கீறினாள். மஞ்சள். அதற்கடியில் நீலம், பச்சை, ரோஸ், மறுபடி நீலம். ஒவ்வொரு குழுவின் அன்பும் காய்ந்து கெட்டியாகி, பல்காறை மாதிரி ஏறியிருந்தது.

"என்னடி பண்ணியிருக்கே!" கேப்டன் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார். "என் லிப்ஸ்டிக்!"

"அண்ணி, இன்னொரு பூச்சு பூசினா கதவு இன்னும் எகிறும். இதைச் சுரண்டணும்."

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாங்க. நீ கதவையே பல்லைப் பிடிச்சுப் பாக்குறியா? நம்ம ஊர்ல பணம் குடுத்தவங்க எல்லாரும் ஆரஞ்சுக் கதவுப் படத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. மரம் பல்லிளிச்சுக்கிட்டு நிக்கிற கதவை யாருக்குக் காட்டுறது?"

"காட்டறதுக்கா அண்ணி வந்தோம்?"

"பின்னே?" கேப்டன் உண்மையாகவே கேட்டார்.

பெரிய பெண் வாளியோடு ஓரமாக நின்றிருந்தாள். அவள் பார்த்தது இருவரையும் அல்ல, டப்பாவை. கேப்டன் பிரஷை முக்கி எடுத்தார். ஆரஞ்சுச் சொட்டு ஒன்று தரையில் விழுந்தது.

இவரோடு வழக்காடிப் பயனில்லை என்று பல் டாக்டருக்குப் புரிந்தது. இவரை ஜெயித்தாலும் அடுத்த மாதம் இன்னொரு கேப்டன், இன்னொரு நிறம். வலிக்கு மருந்து கொடுத்தால் ஆகாது, வேரைப் பார்க்கவேண்டும். இவர்களுக்கு வேண்டியது ஒரு கதவு. அது மூடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

"வார்டன், பின்பக்கம் துவைக்கிற இடத்துல சோப்பு வைக்கிற பலகையைப் பாத்தேன், அது பழைய கதவுதானே?"

"ஆமா. கரையான் அரிச்சதுன்னு கழட்டிப் போட்டது."

"அண்ணி, இங்க இருட்டு. முகமே விழாது. வெளியில வெயில்ல ஒரு கதவு நிறுத்தித் தர்றேன்."

கேப்டன் குளியலறையைச் சுற்றிப் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். "வெளிச்சம் எந்தப் பக்கம்?" என்றார்.

குளியலறைக் கதவின் கீல் விளிம்பையும் எதிரே நிலையையும் மரம் தெரியும்வரை சுரண்டினார்கள். இனி அந்த விளிம்பில் பெயின்ட் படாது. பெரிய பெண் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. வெளியே காவலுக்கு யாரும் நிற்கவில்லை. பழைய கதவை முற்றத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஆணியடித்து நிறுத்தினார்கள். அதற்கு நிலை இல்லை, கீல் இல்லை. வருகிற குழுவெல்லாம் அதற்குத்தான் பெயின்ட் அடிக்கிறது.