தாமரைக்காய்க் கொட்டகை

“கதவக் கொஞ்சம் தொறந்து வைக்கச் சொல்லேன்க்கா. நீதான கதவாண்ட உக்காந்திருக்க.”

“சொன்னா, நாளைக்கு வராதன்னுடுவாருடி.”

போன மாதம் வேலை முடிந்து கூனிமேட்டுச் சாலையில் நடந்து வரும்போது அம்சவல்லி கேட்டதும் லூர்துமேரி சொன்னதும் இவ்வளவுதான். அப்புறம் அம்சவல்லி கேட்கவில்லை. அவளுடைய இருமல் மட்டும் கூடிக்கொண்டே போனது.

மழை இறங்கி உப்பளமெல்லாம் வெள்ளக்காடாகிவிட்டால் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு ராஜாங்கத்தின் கொட்டகைதான் கதி. விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். காய்ந்த தாமரைக் காய்களையும் மகாகனி ஓடுகளையும் ப்ளீச் தொட்டியில் முக்கி வெளுத்து, உலர்த்தி, கம்பி செருகி, பொக்கே கட்டுகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். தொட்டியின் நெடி மூக்கைத் துளைத்து நெஞ்சில் இறங்கும். கதவையோ திறக்கக் கூடாது. கடற்காற்று பட்டால் உலர்ந்த காய் ஈரம் வாங்கிக் கறுத்துவிடும். உப்பளத்தில் உப்பு விளைய இதே காற்றுக்காகத்தான் இந்தப் பெண்கள் ஏங்குவார்கள். ஆள் வரப் போக உடனுக்குடன் தாழ் போடுவது லூர்துமேரியின் பொறுப்பு.

அன்று காலை தொட்டியில் குனிந்த அம்சவல்லி நிமிரவில்லை. விளிம்பைப் பிடித்தபடியே சரிந்தாள். அவளோடு தொட்டியில் நின்ற சின்னப்பாப்பாவும் லூர்துமேரியும் அவளைத் தூக்கி வந்து வெளியே மணலில் உட்கார வைத்தார்கள். மூச்சு விசிலடிப்பது போல இழுத்தது. சின்னப்பாப்பா அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

லூர்துமேரி வாசற்படிக்குத் திரும்பியதும் ராஜாங்கம் உள்ளிருந்து கத்தினார். “லூர்து, கதவச் சாத்து! காத்து வருது பாரு.”

“அவளுக்கு மூச்சே வரலிங்க.”

“வெறும் வயித்தோட வந்தா மயக்கம் வராதா?”

“கருக்கல்ல கௌம்புறவங்க பிரியாணி தின்னுட்டா வருவாங்க?” என்றாள் கம்பி செருகிக்கொண்டிருந்த முத்தம்மாள். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக முடிந்தது.

ராஜாங்கத்தின் முகம் சிவந்தது. “போன லோட வாங்குறவன் ஈரம்னு திருப்பி அனுப்பிட்டான். அதுக்குத்தான் கூலியக் கொறச்சேன். இதுவும் திரும்புச்சுன்னா கொட்டாயப் பூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். இஷ்டமில்லாதவ கௌம்பு. பிரம்மதேசத்துல ஆளா இல்ல?”

அவர் சொன்னது பொய்யில்லை. லூர்துமேரிக்கு அது தெரியும். கொட்டகையை மூடிவிட்டால், தண்ணீர் வடிந்து உப்பளத்தில் மறுபடி பாத்தி மிதிக்கும் வரை எந்த வீட்டிலும் அடுப்பெரிய வழியில்லை.

கடைசி வரிசையிலிருந்த சிவசங்கரி பிரம்மதேசத்துக்காரி. நடவு வேலை குறைந்து இங்கே வந்தவள். கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

“எங்க ஊர்லயும் மூச்சு விடுற பொம்பளைங்கதாங்க இருக்காங்க.”

முத்தம்மாளும் வைத்தாள். ஒவ்வொருவராகக் கைவேலையை நிறுத்த, கம்பிச் சத்தம் அடங்கியது.

“என்ன, எல்லாரும் சேந்துகிட்டீங்களா? லூர்து, சாத்துறியா இல்லியா?”

லூர்துமேரியின் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. முத்தம்மாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். சிவசங்கரியும் வந்தாள்.

“கதவு தொறந்தே இருக்கட்டுங்க,” என்றாள் லூர்துமேரி.