ஆறுதல் போதும்

முக்காலியின் மேல் ஏறி நிற்கிறேன், கையில் ஸ்டார், மூங்கில் சிம்புக்குச் சிவப்புத் தாள் ஒட்டி நானே செய்தது, ஐந்து காலில் ஒரு கால் கோணல், உப்புக்காற்று தாளைப் படபடவென்று அடிக்கிறது, இந்தப் பக்கமா சாய்ச்சுக் கட்டுட்டி என்கிறார் அவர் கீழேயிருந்து, வருஷா வருஷம் மேலே நிற்பவர் அவர், கீழே நின்று குறை சொல்பவள் நான், எப்போது இடம் மாறினோம் என்று குனிந்து பார்த்தால் கீழே அவர் இல்லை, அவருடைய அக்கா லில்லி மைனிதான் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள், ஏட்டி இறங்கு, ஆகஸ்ட்ல அடக்கம் பண்ணுன வீடு, மொத கிறிஸ்மஸுக்கு ஸ்டாரு கட்டப்பிடாதுன்னு உனக்குத் தெரியாதா, ஆட்கள் என்ன சொல்லுவாவ. சொல்லட்டும் மைனி, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று முடிச்சை இறுக்குகிறேன், அவன் எனக்குத் தம்பிட்டி என்று அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன், அழுதுகொண்டேதான் பல்பு ஒயரைச் சுற்றினேன், அழுகை அழுகைபாட்டுக்கு இருக்கட்டும், வேலை வேலைபாட்டுக்கு நடக்கட்டும்.

ஸ்டார் கட்டக்கூடாது, புதுத்துணி கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, இதையெல்லாம் எந்த ஆண்டவர் வந்து சொன்னாரோ தெரியவில்லை, நான் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருக்கிறேன், வாசம் வந்ததும் அடுக்களைக்குள் வந்து கையை விடுவாரே, ஆகஸ்டில் அன்றைக்கு சைக்கிள் கடையை அடைத்துவிட்டு வந்தவர் தண்ணி குடு என்றார், செம்போடு நான் வருவதற்குள் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது, தூங்குகிறார் என்று நினைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டேன், அந்தக் காற்றில் அவர் முன்மயிர் ஆடியது, இப்போதும் ஆடுகிறது, கண்ணை மூடினால் போதும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஜெபம்தான் பண்ணினார்கள், ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஆறுதல் தாரும், அதற்குமேல் ஒன்றுமில்லை, முன்னெல்லாம் இதே ஆட்கள் காப்பி குடித்து எழும்பும்போது இந்த வீட்டை ஆசீர்வதியும், இவர்கள் கையிட்டுச் செய்கிறதை ஆசீர்வதியும் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார்கள், இப்போது ஆசீர்வாதத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். ஆறுதல் வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் மாதம் அதில்தான் பிழைத்தேன், ஆனால் நான் இனிமேல் ஆறுதலுக்கு மட்டும்தான் லாயக்கா.

நானும் ஆண்டவரோடு பேசாமல்தான் இருந்தேன், கோயிலுக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், பாட்டுக்கும் ஜெபத்துக்கும் வாய் திறக்கமாட்டேன், நீர் செய்தது சரியில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவேன். அக்டோபரில் ஒரு ஞாயிறு, போதகர் கை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்கிறார், வேண்டாம் என்று நான் முகத்தைத் திருப்புகிறேன், மடியைப் பார்த்தால் என் இரண்டு கையும் விரிந்து கிடக்கின்றன, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சின்ன வயதுப் பழக்கம், வாங்கிக்கொள்ளத் தயாராய்க் கிடக்கின்றன, பாவிக் கைகளே என்று மூடப்போனேன், மூட முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்து தேம்பிவிட்டேன், சந்தோஷமாகவும் இருந்தது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். கோபம் அன்றைக்கு ஊர் ஆட்கள் பக்கம் திசை மாறியது, கொடுக்கிறவர் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், நடுவில் நின்று எனக்கு மட்டும் அளந்து ஊற்ற நீங்கள் யார்.

விளக்கு வைக்கிற நேரம், வீடு வீடாகப் பாடும் கேரல்ஸ் வருகிறது, தெருமுனையில் டிரம் முழங்குகிறது, கோணல் ஸ்டார் சிவப்பாய் எரிகிறது, தட்டு நிறைய முந்திரிக்கொத்து, வரமாட்டாவட்டி என்கிறாள் மைனி, அவள் சொன்ன மாதிரியே இரண்டு வீடு முன்னால் டிரம் நின்றுபோகிறது. சாவு விழுந்த வீட்டைச் சத்தமில்லாமல் கடந்து போவது எங்கள் ஊர் மரியாதை, அவரும் டிரம் அடித்தவர்தான், இப்படி எத்தனை வாசலில் குச்சியைக் கக்கத்தில் இடுக்கித் தலைகுனிந்து போயிருப்பார், அந்த அமைதி வீட்டுக்குள்ளிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் தெரு நடுவில் போய் நின்றேன். ஏன் நிப்பாட்டிட்டிய, செத்தது எங்க வீட்டுக்காரரு, ஆண்டவரு பிறந்துதானே இருக்காரு, அடிங்க. பாடகர் குழுவின் மூத்தவர் ஞானாபரணம் அண்ணாச்சி பதறிப்போனார், இல்லம்மா, உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு பாத்தோம். சங்கடமாத்தான் இருக்கு அண்ணாச்சி, அதுக்குத்தான் கூப்புடுதேன், உள்ள வாங்க.

வந்தார்கள், அடக்கத்துக்கு வந்த முகத்தோடு நின்று ஒரு மெதுவான பாட்டைப் பாடினார்கள், அண்ணாச்சி கண்ணை மூடினார், ஆண்டவரே, துக்கத்தில் இருக்கிற உம்முடைய மகளுக்கு ஆறுதல் என்று ஆரம்பித்தார், ஜெபத்துக்கு நடுவே எங்கள் ஊரில் யாரும் வாய் திறந்ததில்லை, நான் திறந்தேன். ஆறுதல் போதும் அண்ணாச்சி, வாங்கி வாங்கி வைக்க இடமில்ல, ஜனவரில சைக்கிள் கடையை நான் தொறக்கப்போறேன், பஞ்சர் ஒட்டப் படிச்சாச்சு, இந்த வீட்டையும் என் கையையும் ஆசீர்வதிச்சு ஜெபம் பண்ணுங்க. கண் மூடியிருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள், கடைப் பேச்சு மைனிக்கே புதிது, அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள், பிறகு அதே தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார், தடுமாறினார், பழைய வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, இந்த வீட்டை ஆசீர்வதியும், இவள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதியும், இவள் கையிட்டுச் செய்கிற வேலையை ஆசீர்வதியும் என்று குரல் ஏறிக்கொண்டே போகிறது, நான் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் முடிக்கும் முன்பே, எனக்கும் முந்தி, தெருவுக்கே கேட்கும்படி ஆமென் என்று கத்தியது லில்லி மைனி.