மிதிக்க முடியாத பெட்டி

லிங்கராஜின் பெட்டிக்குள் பாயசம் கொட்டிய அன்றுதான் அதில் ஏதாவது படம் போட வேண்டும் என்ற பேச்சே வந்தது.

லிங்கராஜ் கோவில்பட்டியில் ராஜமணி அண்ணாச்சி நடத்தும் இன்னிசைக் குழுவில் கிதார் வாசிப்பவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எங்கே கூப்பிட்டாலும் அந்தக் குழு வேனில் ஏறிவிடும். மேடையில் அவன் காலடியில் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே ஒரு குமிழ். குமிழைக் காலால் ஒரு மிதி மிதித்தால் கிதாரின் சத்தம் கரகரத்து, லோடு லாரி மேடேறுவதுபோல உறுமும். இன்னொரு மிதி மிதித்தால் பழையபடி சாதுவாகிவிடும்.

அதைச் செய்து கொடுத்தவள் ஷம்சாத். மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஆம்ப்ளிஃபயரும் மிக்சரும் ரிப்பேர் பார்க்கிற கடை அவளுடையது. அடுத்த கதவு அவள் கணவன் மஸ்தானின் செருப்புக் கடை. கம்பெனிப் பெட்டி வாங்க லிங்கராஜுக்கு வசதியில்லை என்று தெரிந்ததும், அவளே இணையத்தில் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்துக் கொடுத்தாள். உறுமுவதில் அது எந்தக் கம்பெனிக்கும் சளைத்ததில்லை.

குறை ஒன்றுதான். பெட்டி மொட்டையாக இருந்தது. மொட்டை அலுமினியத்தைப் பார்த்தால் அது வாத்தியம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கல்யாணத்தில் மைக்செட்காரர் அதை எடுத்து ஒயர் பறக்காமல் இருக்கப் பாரம் வைத்துவிட்டார். இன்னொன்றில் மாப்பிள்ளையின் சித்தப்பா அதன்மேல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். கடைசியில் யாரோ பாயசக் கிண்ணத்தை வைக்க, அது கவிழ்ந்து, பெண் வீட்டார் கண்கலங்கும் மெல்லிய பாட்டின் நடுவே பெட்டி தானாக உறுமி, மணப்பெண் மாலையோடு எழுந்து ஓடப் பார்த்தாள்.

"பாத்த உடனே இது வாத்தியம்னு தெரியணும்க்கா," என்றான் லிங்கராஜ், பிசுபிசுத்த பெட்டியை மேசையில் வைத்து.

ஷம்சாத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். வரைவதென்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. மஸ்தான் கடையில் வாங்கிய செருப்பு டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு கொக்கோ ஒரு பனைமரமோ இருக்கும்.

"பேனாவுல வரைஞ்சா அழிஞ்சிரும். அரிச்சு எடுத்துருவோம் தம்பி. காலத்துக்கும் நிக்கும்," என்றாள்.

சர்க்யூட் அட்டை அரிக்கும் தவிட்டு நிறத் திராவகம் அவளிடம் எப்போதும் இருக்கும். உள்ளிருக்கும் சர்க்யூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின் மேல் நகப்பூச்சால் படம் வரைவாள். பக்கங்களுக்கு டேப் ஒட்டி, கொல்லையில் வைத்த பிளாஸ்டிக் தொட்டியில் முக்குவாள். அலுமினியம் புஸ்ஸென்று நுரைத்துச் சூடாகும். நகப்பூச்சுக்கு அடியில் இருப்பது தப்பிக்கும், மற்ற இடமெல்லாம் அரிபட்டுப் பள்ளமாகும். பள்ளத்தில் கறுப்புப் பெயின்ட் நிரப்பித் தேய்த்தால் படம் வெள்ளியாய் மேலே நிற்கும்.

லிங்கராஜ் முருக பக்தன். ஆகவே அவள் முதலில் மயில் போட்டாள். தோகையின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரிந்தது. லிங்கராஜ் வாயைப் பிளந்து பார்த்தான். கிதாரை மாட்டினான். மிதிக்கக் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"அக்கா... மயில் மேலயா மிதிக்கச் சொல்லுதீங்க?"

ஷம்சாத் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அதை அவள் யோசிக்கவே இல்லை.

உப்புத்தாள் போட்டு மயிலைத் தேய்த்து அழித்தாள். அடுத்தது சூரியன். அன்று லிங்கராஜோடு ராஜமணி அண்ணாச்சியும் வந்திருந்தார்.

"காலையில எந்திரிச்சிக் கும்பிடுத சூரியனை ராத்திரி மிதிக்கவா? அதோட தேர்தல் வேற வருது. மேடையில சூரியனை மிதிச்சா ஒரு கட்சிக்காரன் அடிப்பான். சரின்னு தாமரையப் போட்டா இன்னொருத்தன் அடிப்பான்," என்றார் அண்ணாச்சி.

"இலை?"

"அதுக்கும் ஆள் இருக்கு தாயி."

சூரியனும் தேய்ந்து போனது. அப்புறம் கடைக்குள் பெரிய விவாதமே நடந்தது. யானை என்றால் பிள்ளையார். எலி என்றாலும் பிள்ளையார். நாய் என்றால் பைரவர். எருமையை மிதிக்கலாமே என்றாள் ஷம்சாத். எமனோடு வம்பு எதற்கு என்றான் லிங்கராஜ். பன்றி போடலாமா என்று அண்ணாச்சி கேட்டதும் ஷம்சாத்தும் லிங்கராஜும் ஒரே குரலில் "ஐயய்யோ" என்றார்கள், காரணம்தான் ஆளுக்கொன்று.

"பேசாம உம் பேரைப் போட்டுக்கலே," என்றார் அண்ணாச்சி சலித்துப்போய்.

"பேருலயே லிங்கம் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப வெறும் நம்பரு?"

"எழுத்து, நம்பரு எல்லாம் சரஸ்வதில்லா? நோட்டு மேல கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுதோம்."

இதற்குள் பெட்டியின் மேல்பக்கம் தேய்ந்து தேய்ந்து அப்பளமாகிவிட்டது. விரலால் சுண்டினால் டொய்ங்கென்றது. இன்னொரு தடவை திராவகத்தில் முக்கலாம், அதற்கு மேல் முக்கினால் ஓட்டைதான் மிஞ்சும் என்று ஷம்சாத் சொல்லிவிட்டாள்.

சத்தம் கேட்டு மஸ்தான் எட்டிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நான் விக்கிறது பூராவும் மிதிக்கிற சாமான்தான். என்னைக் கேக்க வேண்டியதானே? கால் வைக்கிற எடத்துல காலையே போடுங்க. கால் மேல கால் பட்டா யாரு என்ன சொல்லப் போறா?"

அண்ணாச்சி எழுந்து மஸ்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று மதியம் ஷம்சாத்தின் ஒரு வயது மகள் ஆசிபா, போர்வைக்கு வெளியே கால்களை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கால்களைப் பார்த்தே ஷம்சாத் வரைந்தாள். குமிழின் இருபக்கமும் கொழுகொழுவென்று இரண்டு குட்டிப் பாதம், விரலெல்லாம் உருண்டை உருண்டையாக. சுற்றிலும் வெறுமையாக இருக்கிறதே என்று புள்ளி வைத்து ஒரு வளையமும் போட்டாள். போட்டதிலேயே அதுதான் சுத்தமாக விழுந்தது. லிங்கராஜ் மிதித்துப் பார்த்தான். மனசு உறுத்தவில்லை. அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்த வாரமே எப்போதும்வென்றான் என்ற ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. தேய்ந்த பெட்டி தாங்குமா என்று பார்க்க ஷம்சாத்தும் வேனில் போனாள், ஆசிபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பொழுது சாயும் நேரம். கோயிலுக்கு எதிரே மேடை. லிங்கராஜ் ஒயரெல்லாம் மாட்டிவிட்டுப் பெட்டியைத் தரையில் வைத்தான். மேடை ஓரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த மாடத்தி என்ற பெண் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"இது யாரு பாதம்?"

லிங்கராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் யோசித்தவனுக்கு இது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது? பாதம் என்றால் அம்மன் பாதம், பாதம் என்றால் கண்ணன் பாதம். ஊரெல்லாம் பாதத்தைத்தானே கும்பிடுகிறார்கள்! அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... பொதுப் பாதம்."

"பொதுப் பாதமா? அப்படி ஒரு பாதம் உண்டா? வரைஞ்சது யாரு?"

எல்லாரும் ஷம்சாத்தைக் காட்டினார்கள். அவளுக்குப் பொய் வரவில்லை.

"எம் பிள்ளை பாதம்க்கா. இவ தூங்கும்போது பாத்து வரைஞ்சேன். அது பாட்டுப் பெட்டிதான், வேற ஒண்ணுமில்ல."

மாடத்தி ஆசிபாவின் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி காலைப் பார்த்தாள்.

"பாட்டுப் பெட்டின்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுலயும் டேப்பு இருந்துச்சு. ஆனா பச்சைப் பிள்ளை பாதம்னா அது சாமிதானே. இதைப் போயா கட்டாந்தரையில போட்டு வச்சிருக்கீக?"

கையிலிருந்த சரத்தில் ஒரு முழத்தைக் கிள்ளிப் பெட்டியைச் சுற்றினாள். ஒருவர் முக்காலி கொண்டுவந்தார். ஒருவர் அதன்மேல் மஞ்சள் துணி விரித்தார். இன்னொருவர் பாதத்தின் பெருவிரல்மேல் குங்குமம் வைத்தார். ஷம்சாத், குமிழின் இடுக்கில் குங்குமம் இறங்கிவிடக் கூடாதே என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். அவள் வரைந்த படத்துக்கு யாரும் அதுவரை பூ வைத்ததில்லை. சங்கடத்துக்கு நடுவிலும் அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

லிங்கராஜின் பாடுதான் திண்டாட்டம். இரண்டு கையும் கிதாரில். பெட்டி இடுப்பு உயரத்தில், மாலையும் குங்குமமுமாக. அதன்மேல் காலைத் தூக்கினால் ஊர் திரும்ப முடியாது.

"விரதம் இருக்கிறவுக யாராவது கையால அமுக்கட்டும்," என்றாள் மாடத்தி. "ஏலே முப்பிடாதி, நீ காப்புக் கட்டியிருக்கேல்லா? வா இங்கன."

முப்பிடாதி ஆடு மேய்ப்பவர். மீசை காதுவரை இருக்கும். குளித்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, முக்காலிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"என்ன செய்யணும் சொல்லுங்க."

"நான் தலையாட்டுனா குமிழை ஒரு அமுக்கு அமுக்குங்க. அவ்வளவுதான்," என்றான் லிங்கராஜ்.

லிங்கராஜ் தன்னைப் பற்றி ஒன்றை மறந்துவிட்டான். கிதாரைத் தொட்டுவிட்டால் அவன் தலை சும்மா இருக்காது. தாளத்துக்குத் தாளம் ஆடும்.

அண்ணாச்சி அம்மன் பாட்டை எடுத்தார். லிங்கராஜ் வாசிக்கத் தொடங்கினான். தலை ஆடியது. முப்பிடாதி அமுக்கினார். பெட்டி உறுமியது. தலை மறுபடி ஆடியது. முப்பிடாதி மறுபடி அமுக்கினார். உறுமல் நின்றது. தலை ஆடிக்கொண்டே இருந்தது. முப்பிடாதியும் சொன்ன சொல் தவறாதவர். ஒரு ஆட்டலையும் விடவில்லை. கிதார் ர்ர்ர், டிங், ர்ர்ர், டிங் என்று மாறி மாறிக் கத்தியது, உறுமி மேளம் அடிப்பதுபோல. லிங்கராஜ் பதறி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை இடம்வலமாக ஆட்டினான். அதுவும் ஆட்டல்தானே என்று முப்பிடாதி இரண்டு மடங்கு வேகத்தில் அமுக்கினார்.

அண்ணாச்சி பாட்டை நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. கூட்டம் எழுந்துவிட்டது. முன்வரிசையில் பெண்கள் குலவை போட்டார்கள். கோயில் கொட்டுக்காரர்கள் உருமாலைத் தலையில் கட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து அந்த ர்ர்ருக்கு ஏற்றபடி வெளுத்து வாங்கினார்கள். இளவட்டங்கள் ஆடிய ஆட்டத்தில் கரிசல் புழுதி கிளம்பி ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. ஆசிபா இடுப்பில் இருந்தபடியே குதித்ததில் ஷம்சாத்துக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேறு பாட்டை எடுத்தால் "ர்ர்ரு போடுங்க அண்ணாச்சி" என்று கத்தினார்கள்.

திரும்பும்போது வேனில் லிங்கராஜ் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் வாசிச்சது ஒண்ணுமே வெளிய கேக்கலக்கா," என்றான்.

"கேட்டுச்சு தம்பி. துண்டு துண்டாக் கேட்டுச்சு," என்றாள் ஷம்சாத்.

ராஜமணி அண்ணாச்சி மறுநாளே பஸ் ஏறிப்போய் முப்பிடாதியைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆடு குட்டி போடும் நாளில் வர மாட்டேன், மற்றபடி எங்கே கூப்பிட்டாலும் வருவேன் என்று அவர் சம்மதித்தார். கட்டைவிரல் வலிக்கிறது என்று கடைக்கு வந்து சொன்னதால், ஷம்சாத் குமிழுக்கு மேல் ரப்பர் ஒட்டிக் கொடுத்தாள்.

அடுத்தது நாகலாபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. இந்தத் தடவை லிங்கராஜ் கெட்டியாகத் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தான். உறுமல் வேண்டிய இடத்தில் மட்டும்தான் தலையாட்டுவான். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது நிற்பதுபோல விறைத்து நின்று வாசித்தான். அரைப் பாட்டுவரை எல்லாம் சரியாகவே போனது. அப்போது கேசரித் தட்டிலிருந்து கிளம்பிய ஓர் ஈ நேராக வந்து அவன் மூக்கில் உட்கார்ந்தது. ஊதிப் பார்த்தான். போகவில்லை. மூக்கைச் சுளித்தான். காதுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. பொறுக்க முடியாமல் தலையை ஒரு உதறு உதறினான். முப்பிடாதி அதற்காகத்தான் காத்திருந்தார். ஈ வந்தபோதெல்லாம் தலை உதற, மறுபடி ர்ர்ர், டிங், ர்ர்ர், டிங் தொடங்கியது.

பாட்டு முடிந்ததும் மண்டபமே கைதட்டியது. பெண்ணின் தாய்மாமா பொன்னாடையோடு மேடை ஏறினார். நேராக லிங்கராஜிடம் வந்தார். அவன் கழுத்தை நீட்டினான். அவர் அவனைத் தாண்டிப் போய் முப்பிடாதிக்குப் போர்த்தினார்.

முப்பிடாதி கூச்சத்தில் நெளிந்தார். அண்ணாச்சியின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"நான் ஒண்ணும் வாசிக்கல. எனக்கு வாசிக்கவே தெரியாது. இவரு தலையாட்டுனா அமுக்குதேன், அம்புட்டுத்தான்."

"எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்றார் தாய்மாமா. கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. லிங்கராஜும் தட்டினான், தலையை மட்டும் ஆட்டாமல்.